கட்டபொம்மன் பாக்கி 1080: நம்ம சினிமா ஏன் கணக்கைக் கண்டால் ஓடுகிறது?

போன மே மாதம் வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்காக ஊருக்குப் போயிருந்தேன். பாஞ்சாலங்குறிச்சியில் திருவிழா என்றால் ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம், அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு நினைவுக் கோட்டைக்குப் போனேன். 1974-ல் தமிழக அரசு கட்டியது. பழைய கோட்டையை வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கிவிட்டான் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பயல் பள்ளி ஆண்டு விழாவில் ஒட்டு மீசையோடு கட்டபொம்மன் வசனம் பேசிக் கைதட்டல் வாங்கியவன். சிலைக்கு முன்னால் நின்று மூச்சுவிடாமல் அதை ஒருமுறை பேசிக் காட்டினான். சுற்றி நின்றவர்கள் போனை எடுத்து வீடியோ பிடித்தார்கள். முடித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டான்:

"மாமா, கட்ட மாட்டேன்னு சொன்னாருல்லா, எவ்ளோ மாமா பாக்கி?"

எனக்குத் தெரியவில்லை. வீடியோ எடுத்த அண்ணனிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அந்தப் படத்தை நான் குறைந்தது பத்து முறையாவது பார்த்திருப்பேன். மீசை ஞாபகம் இருக்கிறது, குரல் ஞாபகம் இருக்கிறது, ஜாக்சன் துரையாக வந்த சி.ஆர்.பார்த்திபனின் முகம்கூட ஞாபகம் இருக்கிறது. பாக்கி எவ்வளவு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

விடை வேறெங்கும் இல்லை, அவன் இந்த வருஷம் படிக்கப் போகிற பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. 1798-ல் கட்டபொம்மன் கட்ட வேண்டிய நிலுவை 3310 பகோடா. (பகோடா என்றதும் டீக்கடை ஞாபகம் வந்தால் தப்பில்லை. நம் ஊர் வராகனுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது.) இந்தப் பாக்கிக்காகத்தான் கலெக்டர் ஜாக்சன் அவரை ராமநாதபுரத்துக்கு வரச் சொன்னார். வழியில் குற்றாலத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பார்க்க மறுத்து அலையவிட்டார். 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தது. மூன்று மணி நேரம் நிற்க வைத்ததாகச் சொல்கிறார்கள். பிறகு கைகலப்பு, லெப்டினன்ட் கிளார்க் சாவு, கட்டபொம்மன் தப்பியது எல்லாம் நடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். கட்டபொம்மன் சென்னையிலிருந்த மேலிடத்துக்கு முறையீடு அனுப்பினார். விசாரணைக் குழு உட்கார்ந்தது. அவர் மீது குற்றமில்லை என்றது. ஜாக்சன் வேலை போனது. நிலுவையில் பெரும்பகுதி அடைபட்டு, கடைசியில் மிச்சம் நின்றது 1080 பகோடா.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 3310-ல் 1080 போனால் 2230. அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கட்டியாயிற்று. 1818-ல் சென்னை மாகாணத்தில் வராகனிலிருந்து ரூபாய்க்கு மாறியபோது, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று விகிதம் வைத்தார்கள். அந்தக் கணக்கில் மிச்ச பாக்கி 3780 ரூபாய். இந்த நிலையில்தான் 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தார். அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கு.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பாக்கி குறையக் குறைய சண்டை பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது. பிரச்சினை பணம்தான் என்றால் நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? கணக்கை எழுதும் உரிமை யாருக்கு, அதைத் தட்டிக்கேட்கும் உரிமை யாருக்கு என்பதுதான் விவகாரம். பாளையக்காரர்கள் ஒன்று சேர்ந்துவிடக் கூடாது என்ற பயமும் கம்பெனிக்கு இருந்தது. ஆனால் 3310, 1080 என்ற இரண்டு எண்களைத் தெரிந்துகொண்டால் போதும், அந்தக் காட்சியே வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது. கட்ட முடியாமல் சாக்குச் சொன்ன ஆள் இல்லை அவர். கட்டிக்கொண்டே எதிர்த்து நின்றவர்.

1959-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த படத்தைக் குறை சொல்லவில்லை. அந்த வயதில் இருந்த ஒரு தேசத்துக்கு அந்தக் குரல் தேவைப்பட்டது. சிவாஜிக்கு கெய்ரோ விழாவில் விருதே வாங்கிக் கொடுத்தது. என் கேள்வி, அதற்குப் பிறகு வந்த அறுபத்தைந்து வருடத்தைப் பற்றியது. எண்ணைக் காட்டி உணர்ச்சியை உண்டாக்கலாம் என்று நம் சினிமா ஏன் நம்பவே மாட்டேன் என்கிறது?

கணக்கு தீர்ப்பதும் கணக்கு பண்ணுவதும்

தமிழில் கணக்கு என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. பள்ளியில் பாடம். கடையில் வரவு செலவு. அப்புறம் நியாயம்: "அது என்ன கணக்கு?" என்று கேட்டால் அது வாய்ப்பாடு பற்றிய கேள்வி இல்லை. சினிமா இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொண்டது. வில்லன் கணக்கு தீர்ப்பான், ஹீரோ கணக்கு பண்ணுவான். பாடக் கணக்கு மட்டும் காமெடி டிராக்குக்குப் போய்விட்டது. வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்புவார், பின்னால் ராக்கெட் பறக்கும்.

சமீபத்தில் வந்தவற்றை எடுத்துக்கொண்டாலும் கதை பெரிதாக மாறவில்லை. 2022-ல் வந்த ‘கோப்ரா’வில் விக்ரம் கணித மேதை. கணிதத்தை வைத்துக் கொலை செய்கிறார். கணிதம் அங்கே வாசனைத் திரவியம் மாதிரி, அங்கங்கே தெளிக்கப்பட்டிருக்கிறது. 2023-ல் வந்த ‘வாத்தி’யில் தனுஷ் கணித ஆசிரியர். கல்வி வியாபாரத்தைப் பற்றிப் படம் நிறையப் பேசுகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் அவர் கணிதத்துக்குப் பதில் வேதியியல் வாத்தியாராக இருந்திருந்தால் கதையில் எத்தனை காட்சி மாறும் என்று யோசித்துப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

என்னளவில் ஒரு படத்தைக் கணிதப் படம் என்று சொல்ல இதுதான் சோதனை. கணிதத்தை எடுத்துவிட்டு வேறு பாடத்தை வைத்தால் படம் ஓடுமா? ஓடினால் அது கணிதப் படம் இல்லை.

கரும்பலகை முன்னால் ஒரு மேதை

ஹாலிவுட் இதில் தேவலை என்று நினைத்தால், பாதிதான் உண்மை. ‘குட் வில் ஹன்டிங்’ (1997) ஞாபகம் இருக்கிறதா? எம்ஐடி-யில் தரை துடைக்கும் இளைஞன், பேராசிரியர் தாழ்வாரப் பலகையில் விட்டுப்போன சவாலை ரகசியமாகப் போட்டு முடிப்பான். கண்ணீர் வரவழைக்கும் படம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பலகையில் அவன் படமாக வரைந்துகொண்டிருக்கும் கணக்கு என்ன தெரியுமா?

பத்து புள்ளிகள். அவற்றைக் கோடுகளால் இணைக்க வேண்டும். எல்லாப் புள்ளியும் இணைந்திருக்க வேண்டும். எங்கேயும் வளையம் உருவாகக் கூடாது. எந்தப் புள்ளியிலும் சரியாக இரண்டு கோடு மட்டும் சேரக் கூடாது. ஒன்று இருக்கலாம், மூன்று இருக்கலாம், இரண்டு மட்டும் ஆகாது. இப்படி எத்தனை வடிவம் வரையலாம்? விடை பத்து.

பெயரைக் கேட்டால் தலை சுற்றும், ஆனால் வீட்டில் கோலம் போடத் தெரிந்தவர்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். நம்பிக்கை இல்லையென்றால் ஆறு புள்ளியோடு ஆரம்பியுங்கள். நடுவில் ஒன்று, சுற்றி ஐந்து, நட்சத்திரம் மாதிரி. அது ஒரு வடிவம். நடுவில் இரண்டு புள்ளியை இணைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டிரண்டு கிளை விட்டால் அது இன்னொன்று. ஆறுக்கு இந்த இரண்டுதான். என் மருமகன் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் பத்துப் புள்ளிக்கு ஏழு வடிவம் கண்டுபிடித்துவிட்டான். கணக்கில் அவன் எடுப்பது முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய ஒன்றை, உலகத்தில் ஒருவனுக்கோ இருவருக்கோ மட்டும் வரும் வரமாகக் காட்டுவதில்தான் சிக்கல். பார்க்கிறவன் வெளியே வரும்போது, கணக்கு எனக்கில்லை என்ற முடிவோடுதான் வருகிறான். அதுவும் ஆறுதலான முடிவு. வராததற்குக் காரணம் கிடைத்துவிட்டது அல்லவா.

ராமானுஜன் விஷயத்தில் இது இன்னும் கூடுதல். அவரைப் பற்றி நமக்கு இரண்டு முக்கியமான படங்கள் இருக்கின்றன. ஞான ராஜசேகரன் இயக்கத்தில் 2014-ல் வந்த ‘ராமானுஜன்’. மேட் பிரவுன் இயக்கத்தில் தேவ் படேல் நடித்து 2015-ல் வந்த ‘தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி’. முதல் படத்தில் அபிநய் வட்டி ராமானுஜன், சுஹாசினி அம்மா கோமளத்தம்மாள். கும்பகோணத்து வீடும் மாமியார் மருமகள் பிணக்கும் வறுமையும் அதில் நன்றாக வந்திருக்கின்றன. நம் மண்ணின் வாசனை வேண்டுமென்றால் அந்தப் படம்தான். ஆனால் அவர் உட்கார்ந்து என்னதான் செய்துகொண்டிருந்தார் என்பது இரண்டாவது படத்தில்தான் கொஞ்சமாவது பிடிபடுகிறது. கணிதவியலாளர் கென் ஓனோ அதற்கு ஆலோசகர். ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய மஞ்சுள் பார்கவாவும் அதில் பங்களித்திருக்கிறார். வித்தியாசம் தெரிகிறது.

உதாரணத்துக்கு அதில் வரும் பகிர்வுக் கணக்கு. 4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். சின்னப் பிள்ளைக் கணக்கு. 200-க்கு எத்தனை விதம்? 3,972,999,029,388. கிட்டத்தட்ட நான்கு லட்சம் கோடி. மேஜர் மக்மஹோன் என்பவர் 1 முதல் 200 வரைக்கும் இதைக் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார். ராமானுஜனும் ஹார்டியும் இதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்து, மக்மஹோனின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படத்தில் அந்த ஒப்பிடும் காட்சிதான் எனக்கு உச்சம். ஒருவர் கணக்கை இன்னொருவர் சரிபார்க்கிறார், சரியாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சண்டைக் காட்சிக்குரிய பதற்றம் அதில் இருக்கிறது.

இரண்டு படத்திலும் நாமகிரித் தாயார் வருகிறார். வரட்டும், ராமானுஜனே நம்பியது அது. ஆனால் காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்து அழித்துப் போட்டாரே, கார் எழுதிய தடிப்புத்தகத்தின் ஆயிரக்கணக்கான சூத்திரங்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினாரே, அது எவ்வளவு நேரம் திரையில் வருகிறது? 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு அவர் சேர்ந்த வேலை கணக்குப் பிரிவு குமாஸ்தா. 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் தன்னை அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொண்டார். பகலில் கப்பல் கணக்கு, ராத்திரியில் முடிவிலி. தூத்துக்குடிக்காரனுக்கு இதைக் கேட்டால் சிலிர்க்காதா? இங்கே துறைமுகத்திலும் உப்பளத்திலும் கணக்கெழுதுகிற ஆட்கள் எத்தனை பேர்!

‘சகுந்தலா தேவி’ (2020) பற்றி ஒரு வரி. 1980-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு 13 இலக்க எண்களை 28 விநாடியில் பெருக்கிக் காட்டியவர். வித்யா பாலன் ஜமாய்த்திருப்பார். ஆனால் அது அம்மா மகள் கதை, வேகம் வேறு கணிதம் வேறு.

ஓட்டப்பிடாரத்துக்காரர் ஆடிய ஆட்டம்

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் ஓட்டப்பிடாரம். வ.உ.சி. பிறந்த ஊர். அதே பந்துலு, அதே சிவாஜியை வைத்து 1961-ல் ‘கப்பலோட்டிய தமிழன்’ எடுத்தார். வெளியானபோது படம் ஓடவில்லை என்பது தனி சோகம். என்னைக் கேட்டால், உலகத்தரமான ஒரு கணிதப் படத்துக்கான கதை அதற்குள் இன்னும் யாரும் தொடாமல் கிடக்கிறது.

1906-ல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. கலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்தது. தூத்துக்குடி–கொழும்பு ஓட்டம். எதிரே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அவர்கள் கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கினார்கள். சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. வெள்ளைக் கம்பெனி அடுத்து இலவசம் என்றது. ஏறினால் குடையும் தருகிறோம் என்றார்களாம்.

பள்ளியில் இதை வெள்ளையனின் சூழ்ச்சி என்று படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். ஆனால் இது ஒரு கணக்கு. ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ (2001) படத்தின் நாயகன் ஜான் நாஷ் 1950-ல் எழுதிய ஆய்வின் உலகம் இதுதான். ஒவ்வொருவரும் அடுத்தவன் என்ன செய்வான் என்று பார்த்து முடிவெடுக்கும் ஆட்டம்.

அந்தப் படத்தில் மதுக்கடைக் காட்சி ஒன்று வரும். எல்லோரும் அழகான ஒரே பெண்ணிடம் போனால் ஒருவருக்கும் வாய்க்காது, ஆகவே எல்லோரும் அவளை விட்டுவிடுவோம் என்று நாஷ் யோசனை சொல்வார். அதுதான் அவர் கண்டுபிடிப்பு என்று படம் காட்டும். நிஜத்தில் அது தப்பு. நாஷ் சமநிலை என்பது, மற்றவர்கள் எடுத்த முடிவில் நிற்கும்போது எனக்கு மட்டும் மாற்றிக்கொள்ள ஆசை வராத நிலை. எல்லோரும் அவளை விட்டுவிட்டால், நண்பர்களில் ஒருத்தன் நைசாகத் திரும்பிப் போய் அவளிடம் பேசிவிடுவானே! நோபல் பரிசு வாங்கிய கருத்தை, ஆஸ்கர் வாங்கிய படம் தலைகீழாகச் சொல்லியிருக்கிறது.

கப்பல் கதையில் வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். எண்கள் விளக்கத்துக்காக நான் வைப்பவை. ஒரு ஓட்டத்துக்கு 100 பயணிகள். ஒரு கப்பல் போய்வரச் செலவு 150 ரூபாய். இரு கம்பெனியும் 4 ரூபாய் டிக்கெட் வைத்தால் ஆளுக்கு 50 பயணி, 200 வரவு, 50 லாபம். ஒருவன் மட்டும் 1 ரூபாயாக இறக்கினால் 100 பேரும் அவனிடம் போவார்கள். வரவு 100, நஷ்டம் 50. இறக்கியவனுக்கே நஷ்டம்! அப்படியென்றால் ஏன் இறக்க வேண்டும்? ஒரே ஒரு ஓட்டத்தை மட்டும் பார்த்தால் 1 ரூபாய்க்கு இறக்கவே கூடாது. 4, 1 என்று இரண்டே விலைதான் வைக்க முடியும் என்றால், இருவரும் 4 ரூபாயில் இருப்பது நாஷ் சொன்ன மாதிரி ஒரு சமநிலை, அங்கிருந்து நகர யாருக்கும் ஆசை வராது.

வெள்ளைக் கம்பெனி ஒரு ஓட்டத்தைப் பார்த்து ஆடவில்லை. இருவரும் 1 ரூபாயில் ஓட்டினால் ஆளுக்கு 50 வரவு, 100 நஷ்டம். சுதேசிக் கம்பெனியிடம் தாக்குப்பிடிக்க 1000 ரூபாய் இருந்தால், பத்து ஓட்டத்தில் காலி. அதற்குள் எதிராளிக்கும் 1000 நஷ்டம்தான். ஆனால் போட்டி ஒழிந்த பிறகு 100 பயணிகளும் 4 ரூபாய் கொடுத்து அவனிடமே ஏற வேண்டும். ஓட்டத்துக்கு 250 லாபம். முன்பு கிடைத்த 50-ஐவிட 200 கூடுதல். விட்ட ஆயிரத்தை ஐந்தே ஓட்டத்தில் எடுத்துவிடலாம். அப்புறம் காலம் பூராவும் லாபம்தான். குடை கொடுத்தால்கூடக் கட்டுப்படியாகும்.

முதல் ரைடு இலவசம், முதல் மூன்று ஆர்டருக்கு டெலிவரி இலவசம் என்று உங்கள் போனுக்கு வரும் மெசேஜ் இதே கணக்குத்தான். குடைதான் கூப்பனாக மாறியிருக்கிறது.

இதில் சினிமா எங்கே என்றால், இந்தக் கணக்கைக் கவிழ்க்க ஒரே வழிதான் உண்டு. இலவசமாகக் கூப்பிட்டாலும் பயணிகள் அங்கே போகாமல் இருக்க வேண்டும். மேடை மேடையாக ஏறி வ.உ.சி. பேசியதை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். ஒவ்வொரு பேச்சும் அந்த 100 பயணிகளில் எத்தனை பேரைப் பிடித்து வைக்கும் என்ற கேள்வி. 1908-ல் அவரைச் சிறையில் போட்டது ஏன் என்பதும் அப்போது துல்லியமாகப் புரியும். சமன்பாட்டிலிருந்து அந்த ஒரு உறுப்பை எடுத்துவிட்டார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. இதைத் திரையில் எண்களோடு காட்டினால் யாருக்குப் போரடிக்கும்? 4, 1, அரை, பூஜ்யம் என்று கட்டணப் பலகை மாறுவதைவிட நல்ல இடைவேளைக் காட்சி வேண்டுமா?

முத்துக்குளிப்பிலும் ஒரு படம் இருக்கிறது. 1961-ல்தான் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. முத்து வியாபாரிகள் விலை வைத்தது எடையை வைத்து இல்லை, எடையின் வர்க்கத்தை வைத்து. எடை இரண்டு மடங்கானால் மதிப்பு நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது. செவ்வு என்று அந்த அலகுக்குப் பெயர். கரையில் உட்கார்ந்து இதை மனக்கணக்காகப் போட்டவர்களை எந்தப் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? கடலுக்குள் மூச்சடக்கியவர்களையாவது ஒன்றிரண்டு படத்தில் பார்த்திருப்போம்.

சரிபார்க்கிறவர்கள்

பார்த்ததில் எனக்கு முழுத் திருப்தி தந்தது ‘ஹிடன் ஃபிகர்ஸ்’ (2016). நாசாவில் வேலை பார்த்த கறுப்பினப் பெண் கணிதவியலாளர்களின் கதை. 1962 பிப்ரவரியில் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படும் முன், கம்ப்யூட்டர் போட்ட எண்களை கேத்ரின் ஜான்சன் கையால் சரிபார்க்கட்டும் என்று கேட்டார். இது நிஜமாக நடந்தது. படத்தில் கணிதம் வரம் இல்லை, வேலை. தினமும் ஆபீஸுக்கு வந்து, தனிக் கழிப்பறைக்கு ஓடி ஓடிப் போய்த் திரும்பி, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற வேலை.

தமிழில் அந்த உணர்வுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது ‘அம்மா கணக்கு’ (2016). அஸ்வினி ஐயர் திவாரி தன் இந்திப் படத்தையே தமிழில் எடுத்தது. அமலா பால் வீட்டு வேலை செய்யும் அம்மா. மகளுக்குக் கணக்கு வரவில்லை, வேலைக்காரி மகள் வேலைக்காரிதானே என்கிறாள். அம்மாவே அதே பத்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்து கணக்குப் படிக்கிறாள். குறைகள் இருக்கலாம், பிரசங்கம் கொஞ்சம் தூக்கல். ஆனால் என் சோதனையில் இது பாஸ். கணக்கை எடுத்துவிட்டு வேறு பாடம் வைத்தால் இந்தக் கதை நிற்காது. ஏனென்றால், பரம்பரையாக வராது என்று நம் வீடுகளில் கூசாமல் சொல்லும் பாடம் இது ஒன்றுதான். சமூக அறிவியல் எங்கள் ரத்தத்திலேயே இல்லை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

எங்கள் வீட்டிலும் அதைச் சொல்வார்கள். அக்காவுக்குக் கணக்கு வராது, அதனால் பத்தாவதோடு நின்றாள், பயலுக்கும் வராது, விடு.

திருவிழா முடிந்த ராத்திரி அக்கா ஒரு தவணை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் 50,000 ரூபாய் வாங்கியிருக்கிறாள். 24 மாதம், மாதம் 2,583 ரூபாய். "பன்னிரண்டு பர்சன்ட்தான்டே, நியாயமான வட்டி" என்றாள். வாங்கும்போது அப்படித்தான் சொன்னார்களாம்.

மருமகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வருஷத்துக்கு 12 சதவீதம் என்றால் 6,000. இரண்டு வருஷத்துக்கு 12,000. மொத்தம் 62,000. 24-ஆல் வகுத்தால் 2,583. சரியாகத்தான் வருகிறது. அக்கா முகத்தில் நிம்மதி.

பயல்தான் கேட்டான். "மாமா, கடைசி மாசம் அம்மா கையில அம்பதாயிரமா இருக்கும்? அதான் அடைச்சுக்கிட்டே வர்றாள்லா. அப்புறம் எதுக்கு அம்பதாயிரத்துக்கு வட்டி?"

அதேதான். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முதல் நாள் தொகைக்கே நிற்கிறது. சராசரியாகப் பார்த்தால் அக்கா கையில் இருப்பது ஏறக்குறைய பாதித் தொகைதான். ஆக நிஜ வட்டி 12-ன் இரு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. துல்லியமாகப் போட்டால் வருஷத்துக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. பேங்கில் வேலை பார்க்கிற என் நண்பர்களிடம் கேட்டபோது, இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார்கள். அக்காவுக்குத் தெரியாது. அவள் குழுவில் இருக்கும் மற்றவர்களுக்கும் தெரியாது.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, இதுவரைக்கும் பதினோரு தவணை கட்டியிருக்கிறேன், இன்றைக்கே முழுசாக அடைத்தால் எவ்வளவு கேட்பார்கள், எவ்வளவு கேட்க வேண்டும், இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கொடு என்றாள். பயல் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திறந்தான். இரண்டு கட்டம் போட்டு, மேலே அம்மா பெயரையும் அந்தக் கம்பெனி பெயரையும் எழுதிவிட்டு என்னைப் பார்த்தான். மணி பத்தரை. கோயில் பக்கம் மைக்கில் யாரோ கட்டபொம்மன் வசனத்தை ஆரம்பித்திருந்தார்கள்.